பார்க்கத் தெரிந்த கை

புத்தளம் மாவட்டத்தின் கரையோரத்தில் மலை கிடையாது. தெற்கே மா ஓயா கடலில் சேரும் இடத்திலிருந்து வடக்கே வில்பத்துக் காட்டின் எல்லையான மோதரகம் ஆறு வரை தட்டையான நிலம்தான். குதிரைமலை முனையின் சிவந்த மண்மேட்டை விட்டால், வானத்தை எட்டிப் பார்ப்பவை தென்னையும் பனையும், மாம்புரிப் பக்கத்துக் காற்றாலைகளும், நுரைச்சோலை அனல்மின் நிலையத்தின் புகைபோக்கிகளும். ஆனாலும் இந்தக் கரையிலுள்ள ஒரு வகுப்பறைக்குள் போய், இயற்கைக் காட்சி ஒன்று வரையுங்கள் என்று சொல்லிப் பாருங்கள். பெரும்பாலான கொப்பிகளில் இரண்டு முக்கோண மலைகள் எழும்பும். நடுவில் பாதிச் சூரியன், மலையடியிலிருந்து வளைந்து வரும் ஓர் ஆறு, ஓட்டுக்கூரை வீடு, வானத்தில் நாலைந்து வளைகோட்டுப் பறவைகள். சூரியன் களப்பில் எழுந்து கடலில் விழுவதை நாள்தோறும் பார்க்கிற கற்பிட்டிப் பிள்ளையும் அதைக் கொண்டுபோய் மலைகளுக்கு நடுவில்தான் வைக்கும்.

பிரெஞ்சு ஆய்வாளர் ஜோர்ஜ் ஆன்றி லூக்கே, சிறுவர் ஓவியம் பற்றி 1927 இல் வெளியிட்ட நூலில் இதை விளக்கியிருக்கிறார். குழந்தை கண்ணுக்கு முன்னால் இருப்பதை விட்டுவிட்டுத் தனக்குத் தெரிந்ததை வரைகிறது. வீடு, மரம், மலை என்று ஒவ்வொன்றுக்கும் மனத்தில் ஓர் அடையாளம் உறைந்திருக்கிறது. கை அதைப் படியெடுக்கிறது. பெரியவர்களும் இப்படித்தான். "எனக்கு வரையவே வராது" என்று சொல்பவர்களில் பலர் பத்து வயதில் பழகிய அடையாளங்களோடு நின்றுவிட்டவர்கள். அவர்களுடைய விரல்களில் ஒரு குறையும் இல்லை. கண் பார்த்து முடிப்பதற்குள் மூளை "இது வள்ளம், இது தென்னை" என்று பெயர் சொல்லி வேலையை முடித்துவிடுகிறது.

அன்றாட வாழ்க்கைக்கு இந்த அவசரம் தேவை. வீதியில் வரும் பஸ்ஸை ஒவ்வொரு முறையும் புதிதாக ஆராய்ந்துகொண்டிருந்தால் உயிர் தப்ப முடியாது. ஆனால் பெயர் சொல்லி முடித்த பிறகு மனத்துக்கு வேறு வேலை இல்லாமல் போகிறது. அது கடனுக்குப் போகும், பிள்ளையின் பரீட்சைக்குப் போகும், நேற்று ஒருவர் சொன்ன சுடுசொல்லுக்குத் திரும்பத் திரும்பப் போகும். ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த கில்லிங்ஸ்வர்த்தும் கில்பெர்ட்டும் 2010 இல் வெளியிட்ட ஆய்வில் 2,250 பேரைக் கைபேசி வழியாக எதிர்பாராத நேரங்களில் விசாரித்தார்கள்: இப்போது என்ன செய்கிறீர்கள், மனம் அதில் இருக்கிறதா, எப்படி உணர்கிறீர்கள்? கேட்ட தருணங்களில் 46.9 சதவீதத்தில் மனம் வேறெங்கோ இருந்தது. அப்படி அலைந்த நேரங்களில் மக்கள் மகிழ்ச்சி குறைந்தே இருந்தார்கள்.

மூளைக்குள் இந்த அலைச்சலுக்கென்று ஒரு வலையமைப்பே இருக்கிறது. குறிப்பிட்ட வேலை இல்லாதபோது மூளை ஓய்ந்துவிடுவதில்லை, சில பகுதிகள் ஒன்றுசேர்ந்து இயங்குகின்றன என்பதை அமெரிக்க நரம்பியலாளர் மார்க்கஸ் ரெய்க்கிலும் அவருடைய குழுவினரும் 2001 இல் எடுத்துக்காட்டினார்கள். தன்னைப் பற்றிய நினைவு, கடந்தகாலம், வரப்போவதைக் குறித்த கணிப்பு எல்லாவற்றிலும் இந்த இயல்புநிலை வலையமைப்புக்குப் பங்கு உண்டு. திட்டமிடவும் கற்பனை செய்யவும் அது வேண்டும். ஒரே கவலையைச் சுற்றிச் சுற்றி அரைக்கும்போதுதான் அது நம்மைக் களைக்கச் செய்கிறது. புறத்தில் உள்ள ஒன்றின் மீது கவனம் இறுகும்போது அதன் இயக்கம் தணிகிறது. பார்த்து வரைவது அப்படிக் கவனத்தை இறுக்கும் வேலை. வரைதல் தரும் அமைதி பெரும்பாலும் படத்திலிருந்து வருவதில்லை, பார்ப்பதிலிருந்து வருகிறது என்பதே இந்த அத்தியாயத்தில் நான் சொல்ல விரும்புவது.

கண்ணிலிருந்து தொடங்குவோம். கையை நேராக நீட்டினால் பெருவிரல் நகம் எவ்வளவு இடத்தை மறைக்குமோ, ஏறத்தாழ அவ்வளவு இடம்தான் ஒரு கணத்தில் நமக்குத் தெளிவாகத் தெரிகிறது. மற்றதெல்லாம் மங்கல். அந்தச் சிறு தெளிவு வட்டத்தைக் கண் ஒரு செக்கனுக்கு மூன்று தடவை அளவில் இங்கும் அங்கும் எறிகிறது. மூளை அவற்றைத் தைத்து முழுக்காட்சி என்று நம்மை நம்பவைக்கிறது. பார்த்து வரைபவரின் கண் வேறு மாதிரி நடந்துகொள்கிறது. ஹம்ப்ரி ஓஷன் என்ற பிரித்தானிய ஓவியர் உருவப்படம் வரைந்தபோது, ஜோன் சலென்கோவும் கிறிஸ் மையாலும் அவருடைய கண் அசைவுகளையும் கை அசைவுகளையும் பதிவுசெய்து 2001 இல் வெளியிட்டார்கள். சாதாரண நேரத்தில் எல்லோரையும் போல அலைந்த அவருடைய கண், வரையத் தொடங்கியதும் ஓர் ஒழுங்குக்கு வந்தது. முகத்தில் ஓரிடத்தில் நிலைத்து நின்றது, தாளுக்கு இறங்கியது, மறுபடி முகத்துக்குப் போனது. ஒரு தடவைக்கு ஒரு சிறு விவரம் மட்டும்.

தியானத்தில் மூச்சைக் கவனிக்கச் சொல்வார்கள். மனம் நழுவும், திரும்பக் கொண்டுவர வேண்டும், மறுபடி நழுவும். பழக்கமில்லாதவர்களுக்கு அது கடினம், ஏனென்றால் மனம் நழுவியதைச் சுட்டிக்காட்ட வெளியே எதுவும் இல்லை. வரையும்போது கோடு சுட்டிக்காட்டிவிடும். கோடு நீங்கள் பார்க்காத இடத்துக்குப் போயிருந்தால் மனமும் போயிருக்கிறது. திரும்பி வர ஓர் இடமும் இருக்கிறது: எதிரே நிற்கிற பொருள்.

களப்புக் கரையில் அதற்குக் கண்டலைவிட நல்ல பொருள் எனக்குத் தெரிந்து இல்லை. கலா ஓயா புத்தளம் களப்பில் கலக்கும் இடத்தில் இலங்கையின் பெரிய கண்டற்காடுகளில் ஒன்று இருக்கிறது. கற்பிட்டித் தீபகற்பத்தின் களப்புப் பக்கத்திலும் சிலாபத்துக்கு அருகே பம்பலையிலும் கண்டல்கள் உண்டு. 1980களிலும் 90களிலும் இறால் பண்ணைகளுக்காக இந்தக் கரையில் ஏராளமான கண்டல் அழிக்கப்பட்டது, அது தனிக் கதை. எஞ்சி நிற்கும் ஒரு மரத்துக்கு முன்னால் உட்காருங்கள். ஒரேயொரு வேரை எடுத்துக்கொள்ளுங்கள். அடிமரத்திலிருந்து அது எந்த உயரத்தில் கிளம்புகிறது, எங்கே வளைகிறது, எங்கே இரண்டாகப் பிரிகிறது என்று விளிம்பைக் கண்ணால் தொட்டுக்கொண்டே போக, பென்சிலும் அதே வேகத்தில் தாளில் நகரட்டும். தாளைப் பார்க்க வேண்டாம். விளிம்பைப் பென்சில் முனை உண்மையிலேயே தொட்டுக்கொண்டிருப்பதாக நம்பி வரையச் சொன்னவர் கைமன் நிக்கோலாய்டிஸ் என்ற அமெரிக்க ஓவிய ஆசிரியர். அவருடைய பயிற்சி நூல் அவர் இறந்த பிறகு 1941 இல் வெளிவந்தது. இன்றும் ஓவியப் பள்ளிகளில் இந்தப் பயிற்சி நடக்கிறது.

முடிந்ததும் தாளில் இருப்பது வேர்போல இருக்காது. பரவாயில்லை. ஆனால் வேரில் சிறு சிறு புள்ளிகள் இருந்ததைப் பார்த்திருப்பீர்கள். அவை பட்டைவாய்கள், களப்புச் சேற்றில் ஒட்சிசன் அரிது என்பதால் அந்தத் துளைகள் வழியாகத்தான் வேர் காற்றை எடுத்துக்கொள்கிறது. வேரில் சிப்பிகள் ஒட்டியிருப்பதையும், ஓர் உயரத்துக்கு மேல் அவை இல்லாததையும் பார்த்திருப்பீர்கள். நீர் ஏறும் மட்டத்தை அந்த மரம் தானே குறித்து வைத்திருக்கிறது. மேலே பச்சை நிறத்தில் நீளமாகத் தொங்குவது காய் அல்ல, தாய்மரத்திலேயே முளைவிட்ட நாற்று. பத்து வருடம் அந்த வழியால் போய் வந்த ஒருவருக்குப் புலப்படாதது ஒரு வேரை வரையும் நேரத்தில் புலப்படுகிறது. மனம் அமைதியாவதும் அறிவு வளர்வதும் இங்கே இரண்டு வேலைகளாக நடப்பதில்லை.

இலங்கையின் இயற்கை விஞ்ஞானமே இப்படிப் பார்த்தவர்களின் கையிலிருந்துதான் எழுந்தது. கற்பிட்டியில் கோட்டை கட்டிய ஒல்லாந்தர் காலத்தில், 1752 முதல் 1757 வரை ஆளுநராக இருந்த யோன் கிடியோன் லோட்டன், இத்தீவில் பிறந்த பீட்டர் டி பெவெரே என்ற ஓவியரைக் கொண்டு பறவைகளையும் விலங்குகளையும் வரைவித்தார். இந்தக் கரையின் தோட்டங்களில் வளைந்த நீண்ட அலகோடு பூவுக்குப் பூ தாவும் கரிய தேன்சிட்டு ஒன்று இன்று லோட்டனின் பெயரால் அறியப்படுகிறது. வரைந்தவரின் பெயர் அதில் இல்லை என்பது எனக்கு ஆறாத குறை. பின்னர் வந்த ஜி. எம். ஹென்றி கொழும்பு அரும்பொருட்காட்சியகத்தில் வரைபவராகச் சேர்ந்து, 1955 இல் வெளியான தன் இலங்கைப் பறவைகள் நூலுக்குப் படங்களையும் தானே வரைந்தார்.

உடலில் என்ன நடக்கிறது? இதில் அதிகம் பேசப்படுவது, பிலடெல்பியாவிலுள்ள டிரெக்சல் பல்கலைக்கழகத்தில் கிரிஜா கைமலும் குழுவினரும் 2016 இல் வெளியிட்ட ஆய்வு. 39 பேருக்கு வண்ணப் பேனா, களிமண், ஒட்டுவேலைக்கான தாள்கள் கொடுத்து, 45 நிமிடம் விரும்பியதைச் செய்யவிட்டார்கள். முன்னும் பின்னும் உமிழ்நீர் எடுத்து, மன இறுக்கத்தோடு தொடர்புடைய கோர்ட்டிசோல் என்ற ஹோர்மோனை அளந்தார்கள். ஏறத்தாழ நான்கில் மூன்று பேருக்கு அது குறைந்திருந்தது. முன்பு கலை பயின்றவர்களுக்கும் பென்சில் பிடித்துப் பழகாதவர்களுக்கும் இதில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை என்பதுதான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. இந்த ஆய்வைக் காட்டி "வரைந்தால் நோய் தீரும்" என்று பேசுகிறவர்களும் உண்டு. அவர்களை நம்ப வேண்டாம். 39 என்பது சிறிய எண்ணிக்கை. வரையாமல் சும்மா உட்கார்ந்திருந்த ஒரு குழுவோடு ஒப்பிடவில்லை. கோர்ட்டிசோல் காலையில் உயர்ந்து பகலில் தானாகவே இறங்கும் இயல்புடையது. மீதி நான்கில் ஒரு பங்கினருக்கு அது குறையவும் இல்லை. வரைதல் உதவுகிறது என்பதற்கு இது ஒரு நல்ல அறிகுறி. அந்த அளவோடு எடுத்துக்கொள்வதே நேர்மை.

ஜெர்மனியில் அன்னே போல்வெர்க்கும் குழுவினரும் 2014 இல் வெளியிட்ட ஆய்வில் ஒப்பீடு இருந்தது. பணி ஓய்வு பெற்ற 28 பேரில் பாதிப்பேர் பத்து வாரம் படம் வரைந்தார்கள், மற்றப் பாதிப்பேர் அதே காலம் ஓவியங்களைப் பார்த்துப் பேசினார்கள். இயல்புநிலை வலையமைப்பின் பகுதிகளுக்கிடையிலான இணைப்பு வரைந்தவர்களிடம் வலுப்பட்டிருந்தது. வரையும் கணத்தில் அதன் இயக்கம் தணிவது ஒன்று, நாளடைவில் அதன் இணைப்பு வலுப்படுவது இன்னொன்று. நெருக்கடியைத் தாங்கும் மனத்திடத்தோடும் இந்த இணைப்பு தொடர்புபட்டிருந்தது. இதுவும் சிறிய ஆய்வுதான். ஆனால் ரசிப்பதற்கும் கையால் செய்வதற்கும் வேறுபாடு உண்டு என்பதை அது தெளிவாகக் காட்டுகிறது.

இனி வெற்றுத் தாளின் பயம். வரையலாம் என்று உட்கார்ந்த பலர் அந்த வெண்மையைப் பார்த்தே எழுந்துவிடுகிறார்கள். எதை வரைவது, எங்கே தொடங்குவது என்ற முடிவுகளே பதற்றமாகின்றன. அமெரிக்காவில் கரியும் காசரும் 2005 இல் 84 மாணவர்களை வைத்து இதைச் சோதித்தார்கள். முதலில் எல்லோரையும் சற்றுப் பதற்றப்படுத்தினார்கள். பிறகு சிலருக்கு வட்டமான மண்டலக் கோலமும், சிலருக்குக் கட்டம்போட்ட துணி போன்ற வடிவமும் நிறந்தீட்டக் கிடைத்தன. மற்றவர்களுக்கு வெற்றுத் தாள். வடிவம் கிடைத்தவர்களின் பதற்றம் கூடுதலாகத் தணிந்தது. பின்வந்த ஆய்வுகள் எல்லாம் ஒரே முடிவைத் தரவில்லை என்றாலும், ஒழுங்குள்ள வடிவம் மனத்துக்குப் பிடிமானம் தருகிறது என்ற எண்ணம் நிலைத்திருக்கிறது.

உடப்பில் தைப்பொங்கலுக்கு முற்றம் மெழுகி அரிசிமாவில் புள்ளி வைக்கிற பெண்ணுக்கு இது புதிய செய்தியாக இருக்காது. கோலத்தில் பயப்பட வேண்டிய வெறுமை கிடையாது. முதலில் புள்ளிகள், வரிசைக்கு இத்தனை என்ற கணக்கோடு. அடுத்து அவற்றைச் சுற்றி ஓடும் இழை. சிக்குக் கோலத்தில் இழை எந்தப் புள்ளியையும் தொடாமல், ஒன்றையும் விட்டுவிடாமல், புறப்பட்ட இடத்துக்கே வந்து சேர வேண்டும். பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் மா ஒரே சீராக இறங்க வேண்டுமென்றால் கை வேகம் மாறக்கூடாது. பதறினால் இழை தடித்துவிடும். எண்ணிக்கையும் கைவேகமும் பாதையின் நினைவும் ஒன்றுசேர்ந்து கவனத்தை நிரப்பிவிடுகின்றன, கவலைக்கு இடம் மிஞ்சுவதில்லை. இந்த ஒழுங்கின் ஆழத்தைத் தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியின் கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசனோடு சேர்ந்து 1974 இல் கணினி இலக்கண முறையில் ஆராய்ந்தார். கோலம் கணினி அறிவியலுக்குள் நுழைந்தது அப்படித்தான். இன்னொன்றும் கோலத்தில் உண்டு. மத்தியானத்துக்குள் கால்பட்டும் எறும்பு தின்றும் அது போய்விடும். சட்டகம் போட்டு மாட்ட முடியாத படம் என்பதால், "நன்றாக வந்ததா" என்ற கேள்வி கழுத்தை நெரிப்பதில்லை.

புத்தளம் நகரிலும் கற்பிட்டியிலும் பெருநாளுக்கு முந்திய இரவில் மருதோன்றி போடும் கைகளிலும் இதே பாடம் இருக்கிறது. ஒரு கொடி, அதன் இலை, இலைக்குள் கோடுகள். திரும்பத் திரும்ப வரும் சிறு வடிவங்கள். போடுகிறவர் மூச்சை அடக்கி வரைகிறார், கையை நீட்டியவர் அசையாமல் இருக்கிறார். இந்தப் பெண்களில் பலரிடம் கேட்டால் தங்களுக்கு வரையத் தெரியாது என்பார்கள். அதை நான் ஏற்றுக்கொள்வதில்லை.

இந்தக் கரையைப் பற்றி எழுதும்போது 1990 ஒக்டோபரைக் கடந்து போக முடியாது. விடுதலைப் புலிகளால் வடமாகாணத்திலிருந்து வெளியேற்றப்பட்ட ஏறத்தாழ 75,000 முஸ்லிம்களில் பெரும்பகுதியினர் புத்தளத்துக்குத்தான் வந்து சேர்ந்தார்கள். கிடுகுக் கொட்டில்களில் ஒரு தலைமுறை வளர்ந்தது. அப்படியான இழப்பைச் சுமந்தவர்களிடம் போய் "பத்து நிமிடம் வரையுங்கள், மனம் இலேசாகும்" என்று சொல்லலாமா?

சொல்வதில் கவனம் வேண்டும். ஜெனிபர் டிரேக்கும் எலன் வின்னரும் 2012 இல் வெளியிட்ட ஆய்வு இங்கே உதவுகிறது. சோகத்தில் இருந்தவர்களில் சிலரை அந்தச் சோகத்தையே வரையச் சொன்னார்கள், சிலரை அதோடு தொடர்பில்லாத ஒன்றை வரையச் சொன்னார்கள். தொடர்பில்லாததை வரைந்தவர்களுக்கே மனநிலை கூடுதலாகச் சீரானது. உள்ளே இருப்பதைக் கொட்டிவிட்டால் ஆறும் என்ற பொதுநம்பிக்கைக்கு இது மாறானது. குறுகிய நேர ஆறுதலுக்குக் கதவோரத்துச் செருப்பையோ, மேசையிலிருக்கும் திறப்புக் கொத்தையோ, கண்டல் வேரையோ வரைவது போதும்.

இழந்ததை வரைவது வேறு வேலை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கலை கற்பிக்கும் ஓவியர் தா. சனாதனன், வடக்கிலிருந்து இடம்பெயர்ந்த தமிழ் பேசும் மக்களிடம் அவர்கள் விட்டுவந்த வீட்டின் தரைப்படத்தை நினைவிலிருந்து வரைந்து தரச் சொன்னார். எங்கே கிணறு, எங்கே குசினி, எந்த மூலையில் மரம். அவற்றைத் திரட்டி, ஒல்லாந்தர் காலக் காணிப் பதிவேடான தோம்பின் பெயரையே சூட்டி, 2011 இல் நூலாக்கினார். அவை மனத்தைத் தளர்த்துவதற்காக வரையப்பட்ட கோடுகள் அல்ல, சாட்சியங்கள். போரில் சிதைந்த பிள்ளைகளுக்காக மட்டக்களப்பில் 1996 இல் கனேடியக் கலைஞர் போல் ஹோகனும் யேசுசபைத் துறவி போல் சற்குணநாயகமும் தொடங்கிய வண்ணத்துப்பூச்சிப் பூங்காவில், தமிழ்ப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் சேர்ந்து வரைந்தார்கள், களிமண் பிசைந்தார்கள், கதை சொன்னார்கள். அருகில் பழகிய மனிதர்கள் இருந்தார்கள். ஆழமான காயத்தை வரைந்து திறக்கிறவருக்கு அப்படி ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

மற்ற நாட்களுக்கு, மற்றவர்களுக்கு, வேண்டியது மிகக் குறைவு. ஒரு பென்சில், கோடு போடாத கொப்பி. அழிறப்பர் வேண்டாம்; அழிக்கத் தொடங்கினால் பார்ப்பதை விட்டுவிட்டுத் தாளைத் திருத்த உட்கார்ந்துவிடுவோம். அசையாத ஒன்றில் தொடங்குவது நல்லது: கரையேற்றிய வள்ளத்தின் அணியம், மீன்வாடியின் ஓலைத் தட்டி, பாலாவி உப்பளத்தின் வரப்புகள். கைபேசியில் படமெடுத்து வைத்துக்கொண்டு வீட்டில் வரையலாமே என்று தோன்றும். அமெரிக்க உளவியலாளர் லிண்டா ஹெங்கல் 2014 இல் வெளியிட்ட ஆய்வில், அருங்காட்சியகத்தில் முழுப் பொருளையும் படம்பிடித்தவர்களுக்கு, வெறுமனே பார்த்தவர்களைவிட அந்தப் பொருளின் விவரங்கள் குறைவாகவே நினைவிலிருந்தன. வரைதலின் விளைவு நேர்மாறு. கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தில் ஜெப்ரி வாமெசும் குழுவினரும் 2016 இல் வெளியிட்ட சோதனைகளில், சொல்லை எழுதியதைவிட அது குறிக்கும் பொருளை வரைந்தபோது கூடுதல் சொற்கள் நினைவில் நின்றன. படத்தின் அழகு கணக்கில் வரவில்லை. சில செக்கன் கிறுக்கலும் போதுமானதாக இருந்தது.

பாடசாலைகளிடம் ஒன்று கேட்கிறேன். சித்திரப் பாடத்துக்குப் புள்ளியும் பரீட்சையும் இருக்கட்டும். அதற்கு வெளியே, வாரத்தில் அரை மணித்தியாலம், புள்ளி இல்லாமல் பிள்ளைகள் வளவுக்குள் போய் ஒரு மரத்தையோ தண்ணீர்க் குழாயையோ பார்த்து வரையட்டும். சிவப்புப் பேனா அந்தக் கொப்பியைத் தொடக்கூடாது. ஆசிரியரும் நிலத்தில் உட்கார்ந்து வரைய வேண்டும், கணித ஆசிரியராக இருந்தாலும் சரி, அதிபராக இருந்தாலும் சரி. பெரியவர்களின் கோடும் கோணலாகப் போவதைப் பிள்ளைகள் பார்த்துவிட்டால், "எனக்கு வராது" என்று பத்து வயதில் பென்சிலைக் கீழே வைக்க அவர்களுக்குக் காரணம் இருக்காது.